ஆள் இல்லாத வீட்டில் இரண்டு கிண்ணம் சூப்

கமென்தோல் கிராமம்
12 ஜூலை 2019

மாவட்ட நீதிமன்ற அமீனா ஸ்பிரிதோன் காலெவ் அவர்களுக்கு,

வாசில்கா தொனேவா எழுதுவது. என்னைத் தேடி வந்தபோது ஆளே இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாம். அதனால் முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் கேட் கீப்பர். எங்கள் ஊருக்கு வெளியே தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் இருக்கிறதே, அந்த கேட் என்னுடையது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு ரயிலுக்குக்கூடத் தாமதமாகச் சாத்தியதில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் கேட்டைச் சுற்றும் இரும்புக் கைப்பிடி பல் நழுவித் திருப்பி அடித்தது. வலது தோள் போயிற்று. அன்றிலிருந்து அந்தக் கை மார்புக்கு மேலே வராது. இடது கை சும்மா துணைக்குத்தான். அதுவும் இப்போது முனகுகிறது.

மருத்துவக் குழு பார்த்து, எழுபத்துநாலு சதவீதம் ஊனம் என்று எழுதி ஓய்வூதியம் கொடுத்தது. அது அதிகம் என்று ஓய்வூதிய அலுவலகம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. ஜூன் பத்தாம் தேதி கோர்ட் டாக்டர் முன்னால் வந்து தோளைக் காட்டு என்று எனக்கு சம்மன் போட்டிருக்கிறார்கள். தெரியாது. நான் போகாததால் பழைய காகிதங்களை மட்டும் புரட்டிப் பார்த்து நாற்பத்தொன்பது என்று தீர்ப்பு. ஐம்பதுக்குக் கீழே போனால் ஓய்வூதியம் கிடையாது. அதுவும் தெரியாது. இந்த மாதம் எட்டாம் தேதி, ஓய்வூதியப் பணம் கொண்டுவருகிற தபால்காரி ஸ்தெஃப்கா வந்து, பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க, லிஸ்ட்ல உங்க பேரு இல்ல" என்றாள். அப்போதுதான் தெரிந்தது.

கோர்ட்டுக்குப் போய்க் கேட்டேன். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "மே ஆறாம் தேதி உங்க வீட்டு கேட்ல நோட்டீஸ் ஒட்டியாச்சும்மா. ரெண்டு வாரத்துல வந்து வாங்கலன்னா வாங்கினதாத்தான் கணக்கு. அமீனா காலெவ் எழுதிக் கொடுத்துட்டாரு" என்றாள். என் வீட்டு கேட்டில் எதையும் நான் பார்க்கவில்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

முந்தாநாள் மழை. என் கேட்டில் என் கணவர் மின்சோவின் ஐந்தாம் ஆண்டு நினைவஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மழையில் அவர் மோவாய் உரிந்து தொங்கியது. அதன் கீழே கோர்ட் முத்திரை.

பக்கத்து வீட்டு கென்சோவைக் கூப்பிட்டேன். நினைவஞ்சலி நோட்டீஸை ஊரெல்லாம் ஒட்டியவன் அவன்தான். "கண்ண எங்கடா வச்சிருந்த?" என்றேன். "அக்கா, ஏதோ வால்நட் வாங்கறவன் ஒட்டிட்டுப் போன காகிதம்னு நெனச்சேன். மேல மின்சோ அண்ணன ஒட்டினதும் எடம் எவ்ளோ லட்சணமா ஆச்சு பாருங்க!" என்றான்.

ஐயா, என் கை உயர்ந்திருந்தால் மின்சோவை நானே ஒட்டியிருப்பேன். நானே ஒட்டியிருந்தால் உங்கள் காகிதத்தைப் பார்த்திருப்பேன். கை உயராது என்பதற்காகத்தான் வழக்கே. கை உயராததால்தான் வழக்கில் தோற்றேன். இதை எந்தக் கோர்ட்டில் சொல்வது?

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். சம்மன் ஒழுங்காகச் சார்பு செய்யப்பட்டதா, அதாவது என் கைக்கு முறைப்படி வந்து சேர்ந்ததா என்று மட்டும் செப்டம்பர் இருபத்துநாலாம் தேதி பார்ப்பார்களாம். நீங்கள் எந்தெந்த நாள் வந்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று எழுதி அனுப்பவும். நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் கடிதத்துக்குப் பதில் போடுவது மரியாதை என்று மூன்றாவதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

வாசில்கா தொனேவா

---

18 ஜூலை 2019

திருமதி வாசில்கா தொனேவா அவர்களுக்கு,

தங்கள் 12ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. பதில் எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. எனினும் வந்த காகிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது என் தொழிலுக்கு ஒவ்வாது என்பதால் எழுதுகிறேன்.

சட்டப்படி, ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் குறைந்தது மூன்று முறை செல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு வாரமாவது இருக்க வேண்டும். அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்க வேண்டும். அவ்வாறே சென்றேன்:

ஏப்ரல் 5, வெள்ளி, காலை 10.40. கேட் பூட்டியிருந்தது. இடது காது இல்லாத நாய் ஒன்று குரைத்தது.

ஏப்ரல் 19, வெள்ளி, காலை 11.15. கேட் பூட்டியிருந்தது. அதே நாய் குரைத்தது.

மே 6, புனித ஜார்ஜ் திருநாள், அரசு விடுமுறை, பிற்பகல் 1.20. அதே நாய் வாலாட்டியது. ஆள் இல்லை. நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

நோட்டீஸின் மேல் பின்னர் எவர் முகத்தை ஒட்டினாலும் சட்டம் அதற்குப் பொறுப்பல்ல. பதினெட்டு ஆண்டுகளாக அமீனாவாக இருக்கிறேன். என் அறிக்கை ஒன்றுகூடத் தவறு என்று திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரையும் அப்படியே இருக்கும்.

ஸ்பிரிதோன் காலெவ்
நீதிமன்ற அமீனா

---

கமென்தோல்
22 ஜூலை 2019

காலெவ் ஐயாவுக்கு,

முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் நான் வீட்டில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை தோளுக்கு வெந்நீர் ஊற்றுச் சிகிச்சை. தோள் நன்றாக இருக்கிறதா என்று கேட்கும் காகிதத்தை, தோளுக்கு வைத்தியம் பார்க்கப் போன நாளாகப் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். போகட்டும்.

மே ஆறுக்கு வாருங்கள்.

அன்றைக்கு என் வீட்டில் குர்பான். இரும்புக் கைப்பிடி தோளோடு போயிற்று, தலைக்கு வரவில்லை என்று, வருடா வருடம் ஜார்ஜ் திருநாளில் ஆட்டுக்குட்டி அறுத்து வருகிறவர்களுக்கெல்லாம் சூப் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன். காலை பத்து மணிக்குக் கேட்டை அகலத் திறந்து சுவரோடு சாய்த்துவிடுவோம். இருட்டும்வரை மூடுவதில்லை. உள்ளே வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. கேட்டால் நேர்ந்தது செல்லாது. கிண்ணத்தைக் கையில் கொடுப்போம், அவ்வளவுதான். இந்த வருடம் முப்பத்துநாலு பேர். அக்கார்டியன் வேறு. கீழ்த் தெருவில் இருந்த கிழவர் தூக்கம் கெடுகிறது என்று ஆள் அனுப்பினார். அந்த ஆளும் உட்கார்ந்து சாப்பிட்டான்.

இந்த வீட்டில்தான் உங்களுக்கு ஆள் அகப்படவில்லை!

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். ஐந்தாம் தரம் நாயிடம் நின்றேன். எங்கள் ஷாரோ இரண்டு தரம் குரைத்தது என்கிறீர்கள். மூன்றாம் தரம் வாலாட்டியது என்கிறீர்கள். அது தனக்கு எலும்பு போடாத யாரைப் பார்த்தும் வாலாட்டியதில்லை. என் மருமகனைப் பார்த்தே ஏழு வருடமாகக் குரைக்கிறது. உங்களைப் பார்த்து ஏன் வாலாட்டியது? எலும்பு போட்டது யார்? அந்த எலும்பில் இருந்த கறி எங்கே போயிற்று?

உடனே சோபியாவில் இருக்கிற பேத்திக்குப் போன் போட்டேன். அன்றைக்குப் படம் எடுத்தவள் அவள்தான். எல்லாவற்றையும் அனுப்பினாள். பதினேழாவது படத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். அண்டாவுக்குப் பின்னால், மடியில் பழுப்புத் தோல் பை, வாயில் கரண்டி. நான் அந்த முகத்தை அன்றைக்கே நன்றாகப் பார்த்தேன், ஐயா. போன வாரத்துக்கு முந்தின வாரம் கோர்ட்டுக்கு மனு கொடுக்கப் போனபோது, படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் திரும்பி மேலே ஓடிய முதுகும் இதே முதுகுதான்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"ஊத்துங்கக்கா. புதினா நெறையப் போட்டு. எங்கம்மா கையால சாப்பிட்ட மாதிரியே இருக்கு" என்றீர்கள்.

மூன்று கிண்ணம் சாப்பிட்டீர்கள். வட்ட ஆட்டத்தில் கென்சோவுக்கும் ஊர்ப் பள்ளி ஆசிரியைக்கும் நடுவில் கைகோத்து ஆடினீர்கள். அப்புறம் வெளியே போய், சுவரோடு சாய்ந்திருந்த கேட்டை இழுத்து, அதன் முதுகில் 'ஆள் இல்லை' என்று ஒட்டிவிட்டு, மறுபடி சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். சாயங்காலம் அதை மூட வந்த கென்சோ, கையில் இருந்த பசையோடு மின்சோவை அதன் மேல் ஒட்டிவிட்டான்.

உள்ளே பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே அந்தக் காகிதத்தை ஒட்ட உங்களுக்குக் கை எப்படி வந்தது? எனக்குத்தான் கை வராது என்று நினைத்திருந்தேன்.

நடந்ததை நீதிபதிக்கு எழுதுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

வாசில்கா

---

26 ஜூலை 2019

திருமதி தொனேவா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய படத்தில் உள்ள நபர் பக்கவாட்டில் அமர்ந்திருக்கிறார். அந்த மூக்கு இந்த மாவட்டத்தில் பலருக்கு உண்டு. பழுப்புப் பை சந்தையில் எவரும் வாங்கலாம்.

மேலும் தாங்கள் எழுதியதுபோல் மூன்று கிண்ணம் என்பது மிகை. அந்த நபர் இரண்டு கிண்ணத்துக்கு மேல் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை.

இத்துடன் இந்தக் கடிதப் போக்குவரத்தை முடித்துக்கொள்கிறேன். இனி வரும் எதையும் பெற்றுக்கொள்ள மாட்டேன்.

ஸ்பிரிதோன் காலெவ்

---

ஸ்பிரிதோன் காலெவ் அவர்களின் கதவில் ஒட்டப்பட்டது
6 செப்டம்பர் 2019

சார்பு அறிக்கை

ஒப்புகைச் சீட்டோடு இரண்டு பதிவுத் தபால் அனுப்பினேன். இரண்டும் 'வாங்க ஆள் வரவில்லை' என்று திரும்பி வந்தன. ஸ்தெஃப்கா திருப்பிக் கொடுக்கும்போது, "அக்கா, அவருக்கே இந்தக் கதியா!" என்று சிரித்தாள். ஆகவே நூலகத்தில் சட்டப் புத்தகத்தை வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்து, உங்கள் முறைப்படியே வந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய், காலை 10.40. மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. கதவு பூட்டியிருந்தது. நாய் இல்லை. எதிர் வீட்டு அம்மாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "அவரு யார் வந்தாலும் திறக்க மாட்டாரு. ஊர்க் கதவெல்லாம் தட்டறவரு, தன் கதவுன்னா பயம்" என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய், காலை 11.15. கதவு பூட்டியிருந்தது. அதே அம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

செப்டம்பர் 6, வெள்ளி, அரசு விடுமுறை, பிற்பகல் 1.20. கதவு பூட்டியிருந்தது. ஆனால் பால்கனியிலிருந்து குடமிளகாய் சுடும் வாசனை மாடிப்படி முழுக்க வந்தது. நான் கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ தட்டு விழுந்தது. "காலெவ் ஐயா!" என்று கூப்பிட்டேன். சத்தம் நின்றது. மிளகாய் தீயத் தொடங்கியது. கால் மணி நேரம் நின்றேன். தானாகவே சுட்டுக்கொண்டு தானாகவே தீய்ந்துபோகிற மிளகாயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீங்கள் எழுதியதுபோல் 'ஆள் இல்லை' என்று நான் எழுத மாட்டேன். ஆள் இருக்கிறார், திறக்கவில்லை என்று எழுதுகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் என் காகிதம் நிற்கும்.

கேட்பது ஒன்றுதான். இருபத்துநாலாம் தேதி விசாரணைக்கு முன்னால் நடந்ததை நீதிபதிக்கு எழுதவும். இரண்டு வாரம் அவகாசம். அதற்குள் இதை நீங்கள் படிக்காவிட்டாலும் படித்ததாகத்தான் கணக்கு.

வாசில்கா தொனேவா
(ஒட்டியவரும் இவரே)

---

9 செப்டம்பர் 2019

வாசில்கா அக்காவுக்கு,

இப்படி அழைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அன்றைக்கு அழைத்தேன். அதனால் இப்போதும் அழைக்கிறேன்.

மிளகாய் முழுவதும் கரிந்துவிட்டது. நான் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன், ஐம்பத்தெட்டு வயதில். நீங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் அடங்கின பிறகுதான் வெளியே வந்தேன். கதவைத் திறந்து பார்த்தேன். காகிதத்தைக் காணவில்லை. ஒட்டாமல் போய்விட்டீர்கள் என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். அப்புறம் செருப்பை மாட்டக் குனிந்தபோது கண்ணில் பட்டது. பூட்டுத் துளைக்குக் கீழே.

பதினெட்டு வருடமாகக் கதவுகளில் காகிதம் ஒட்டுகிறேன், அக்கா. மனிதர் எங்கே ஒட்டுவார் என்று எனக்குத் தெரியும். கண்ணுக்கு நேரே ஒட்டுவார். கோபத்தில் இருப்பவர் அதற்கும் மேலே ஒட்டுவார். நீங்கள் கோபத்தில் இருந்தீர்கள், அது ஒவ்வொரு எழுத்திலும் தெரிகிறது. ஆனாலும் காகிதம் என் இடுப்புக்குத்தான் வந்தது. அளவு நாடா எடுத்து அளந்தேன். காகிதத்தின் மேல் விளிம்பு தரையிலிருந்து தொண்ணூற்றொரு சென்டிமீட்டர். வலது பக்கம் பசை சரியாகத் தேய்க்கப்படவில்லை. மேல் மூலை ஒட்டவே இல்லை, கை அங்கே எட்டவில்லை. கோர்ட் டாக்டர் பார்க்காததை என் கதவு பார்த்துவிட்டது.

இனி உள்ளதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு உங்களிடம் கொடுக்கத்தான் வந்தேன். கேட் திறந்திருந்தது. பையைத் திறக்கக் கை வைத்தேன். அதற்குள் நீங்கள் கிண்ணத்தைக் கையில் திணித்து, "உக்காரு தம்பி, ஆறிடும்" என்றீர்கள். பதினெட்டு வருடத்தில் நான் போன எந்த வீட்டிலும் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுவார்கள். ஒரு முறை ஒரு பெண் என்னைப் பார்த்ததும் கொடியில் காய்ந்த துணியை எடுத்துவிட்டாள், ஜப்தி செய்ய வந்தேன் என்று. உங்கள் வீட்டில் யார் நீ என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கிண்ணம் முடித்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது வந்தது. அதற்கு அப்புறம் எப்படிக் கொடுப்பது? 'சூப் நன்றாக இருந்தது, உங்கள் ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லி வழக்கு வந்திருக்கிறது' என்றா?

காலையில் கேட்டைப் பார்த்தால் படித்துக்கொள்வீர்கள் என்று ஒட்டினேன். மின்சோ வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அறிக்கையில் உண்மையை எழுத இடமில்லை. 'ஆள் இருந்தார், கொடுக்க வெட்கமாக இருந்தது' என்று எழுதினால் வேலை போய்விடும். அதனால் 'ஆள் இல்லை' என்று எழுதினேன். இப்போது மாற்றி எழுதினாலும் பொய் அறிக்கை கொடுத்ததாக வேலை போகும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது போனால் என் ஓய்வூதியமும் அதோடு போகும். ஆக, ஒன்று உங்களுடையது நிற்க வேண்டும், இல்லையென்றால் என்னுடையது. மூன்று நாளாக வேறு வழி தேடிப் பார்த்தேன். கென்சோ மேல் பழியைப் போடலாமா என்றுகூட யோசித்தேன். அது செல்லாது. ஒட்டியபின் மறைந்தால் சட்டத்துக்கு அது ஒட்டியதுதான்.

நேற்று எழுதிவிட்டேன். நாளை நீதிபதியிடம் கொடுக்கிறேன். கொடுப்பதற்கு முன் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு கிண்ணம்தான், அக்கா. மூன்று இல்லை. அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிதோன்

---

கமென்தோல்
13 செப்டம்பர் 2019

ஸ்பிரிதோன் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் தக்காளி வெட்டிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு வெட்டுவதை நிறுத்திவிட்டேன். அவ்வளவு தக்காளியும் ஈ மொய்த்துப் போயிற்று. அதற்கும் நீதான் பொறுப்பு.

எழுதிவிட்டாய். அது சரி. எனக்குச் சேர வேண்டியதை நான் விட மாட்டேன். அதைக் கேட்டதற்காக வருத்தப்படவும் மாட்டேன். ஆனால் என் வீட்டு சூப்பைச் சாப்பிட்டு ஒருத்தனுக்கு வேலை போயிற்று என்று ஊரில் பேசினால் அடுத்த வருடம் என் கேட்டுக்குள் யார் வருவார்? அண்டாவை வைத்துக்கொண்டு நானும் ஷாரோவும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால் நானும் நீதிபதிக்கு ஒரு காகிதம் எழுதியிருக்கிறேன். அதில் இப்படிச் சொல்லியிருக்கிறேன்: மே ஆறாம் தேதி என் வீட்டுக்குள் வந்தவர் யாராக இருந்தாலும் அவர் விருந்தாளி. விருந்தாளியை வேலை செய்ய விடுவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. அவர் பையைத் திறக்கப் போனார், நான்தான் கிண்ணத்தைக் கொடுத்துத் தடுத்தேன். அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்ய விடாமல் தடுத்தவள் நான். அதற்குத் தண்டனை உண்டென்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளட்டும்.

கென்சோ இதைப் படித்துவிட்டு, "அக்கா, ஓய்வூதியம் கேட்டுப் போயி ஜெயிலுக்குப் போகப் போறீங்க" என்றான். "போனா என்னடா? அங்க எவனும் நோட்டீஸ மறைக்க மாட்டான்" என்றேன்.

ஜாடியில் மிளகாய்த் துவையல் அனுப்பியிருக்கிறேன். நீ சுட்டதைச் சாப்பிட்டிருக்க மாட்டாய்.

கிண்ணம் மூன்றுதான். முதல் கிண்ணம் சின்னதாக இருந்ததால் உனக்கு நினைவில்லை.

வாசில்கா அக்கா

---

26 செப்டம்பர் 2019

வாசில்கா அக்காவுக்கு,

விசாரணையில் சாட்சி சொல்ல என்னை மட்டும் அழைத்ததால் நடந்ததை நானே சொல்ல வேண்டும்.

நீதிபதி அம்மா உங்கள் காகிதத்தையும் என் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். படிக்கும்போது உதட்டை இறுக்கிக்கொண்டே இருந்தார். கோபமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் நிமிர்ந்து, "எத்தனை கிண்ணம்?" என்றார்.

"ரெண்டுங்கம்மா."

"அந்தம்மா மூணுன்னு எழுதியிருக்காங்களே."

"அது இன்னும் தகராறுல இருக்குங்கம்மா."

"இத ஏன் அன்னைக்கே அறிக்கையில எழுதல?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைங்கம்மா."

ஓய்வூதிய அலுவலகத்து வக்கீல் எழுந்தார். சாப்பாட்டைக் காரணம் காட்டி ஒரு தீர்ப்பை ரத்து செய்ய முடியாது என்றார். நான் என் கதவின் படத்தைக் கொடுத்தேன். பக்கத்தில் அளவு நாடாவை நிறுத்தி எடுத்தது. வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "வேணும்னே குனிஞ்சு ஒட்டியிருக்கலாமே" என்றார்.

யாரும் கேட்காமலே பேசிவிட்டேன். "சார், மூணு மாடி ஏறி வந்து, கோவத்துல கொதிச்சுகிட்டு இருக்கறவங்க யாரும் குனிஞ்சு ஒட்ட மாட்டாங்க. நான் பதினெட்டு வருஷமா ஒட்டறேன். நீங்க ஒரு நாள் எங்கூட வந்து ஒட்டிப் பாருங்க" என்றேன்.

தோள் எப்படி இருக்கிறது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கதவு சொல்ல முடியாது என்று நீதிபதி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் சம்மன் சார்பு செய்யப்படவில்லை என்று எழுதினார். அந்த நாற்பத்தொன்பது ரத்து. நவம்பரில் புதிதாக டாக்டர் பரிசோதனை. அதுவரை பழைய எழுபத்துநாலே நிற்கும். ஸ்தெஃப்காவின் லிஸ்டில் உங்கள் பெயர் திரும்ப வரும்.

எனக்குக் கடும் கண்டனம். கேட்பதற்கு முன்பே நானாக எழுதிக் கொடுத்ததால் வேலையில் விட்டுவைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை இப்படி என்றால் வீட்டுக்கு. "இனிமே கையெழுத்து வாங்கற வரைக்கும் எந்த வீட்டு வாசலையும் தாண்டக் கூடாது, புரியுதா?" என்றார் நீதிபதி. உங்கள் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. அரசு ஊழியரைக் கிண்ணத்தால் தடுப்பது குற்றம் என்று எந்தப் பிரிவிலும் இல்லையாம், தேடிப் பார்த்தார்களாம்.

புதிய சம்மன் என்னிடம்தான் வந்திருக்கிறது. அக்டோபர் 3, வியாழக்கிழமை காலை வருகிறேன். வெள்ளி உங்களுக்குச் சிகிச்சை என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கவும். கேட்டுக்கு வெளியே நிற்பேன். தயவுசெய்து கையில் எதுவும் எடுத்து வர வேண்டாம், பேனா தவிர.

துவையல் தீர்ந்துவிட்டது.

ஸ்பிரிதோன்

---

கமென்தோல்
7 டிசம்பர் 2019

ஸ்பிரிதோன் தம்பிக்கு,

நேற்று முன்தினம் தீர்ப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நீ உள்ளே வராமல் திரும்பிப் போனதை நான் மறக்கவில்லை. பனி கணுக்கால்வரை. ஷாரோ உன்னைப் பார்த்து ஒரு பக்கம் வாலாட்டுகிறது, நீ கேட்டுக்கு வெளியே கம்பம் மாதிரி நின்றுகொண்டு, "கையெழுத்துப் போடுங்கக்கா" என்கிறாய். போட்டேன். "இப்ப உள்ள வா" என்றேன். "இன்னும் பதினோரு வீடு இருக்கு" என்றாய். சம்மன் கொண்டுவந்த அன்றைக்கும் இப்படித்தான், அன்றைக்கு ஒன்பது வீடு. கடும் கண்டனத்தை நீ மிகவும் கடுமையாக எடுத்துக்கொண்டுவிட்டாய்.

உள்ளே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நவம்பரில் பார்த்த டாக்டர் நல்ல மனுஷி. கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன், மார்போடு நின்றது. "வலிச்சா சொல்லுங்கம்மா" என்றாள். "அதச் சொல்லத்தானேம்மா நாலு வருஷமா காத்திருக்கேன்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினாள்.

எழுபத்துமூன்று சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். ஓய்வூதியம் தொடர்ந்து வரும், அதில் சந்தேகம் இல்லை என்று நூலகத்தில் படித்துப் பார்த்துச் சொன்னார்கள். நேற்று இரண்டு தரம் அழுதேன், ஒரு தரம் சந்தோஷத்துக்கு, ஒரு தரம் மின்சோவிடம் சொல்லும்போது. கேட்டில் அவருக்குப் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம். அதன் கீழே எதுவும் இல்லை, தடவிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் முன்னே எழுபத்துநாலு இருந்தது. ஒன்று எங்கே போயிற்று? பதினாலு நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. கென்சோ, "விடாதீங்கக்கா, அந்த ஒண்ணையும் கேட்டு வாங்குங்க" என்று குதிக்கிறான். இரண்டு நாள் யோசித்தேன்.

வரும் வியாழக்கிழமை, டிசம்பர் பன்னிரண்டு, புனித ஸ்பிரிதோன் நாள். உன் பெயர்த் திருநாள். பெயர்த் திருநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, தானாக வருவார்கள், வருகிறவருக்குக் கதவைத் திறக்க வேண்டும். உனக்கும் தெரியும், எதிர் வீட்டு அம்மாளுக்கும் தெரியும். அவளிடம் சொல்லிவைத்துவிட்டேன். நானும் கென்சோவும் காலை பஸ்ஸில் வருகிறோம். பானையை அவன் தூக்குவான். புதினா நிறையப் போட்டிருக்கும். கிண்ணத்தை இந்தத் தரம் எதிர் வீட்டு அம்மாளை எண்ணச் சொல்லியிருக்கிறேன், தகராறு தீரட்டும்.

என் தோளில் அந்த ஒரு சதவீதம், உன் மூன்று மாடிப் படியை மூன்று தரம் ஏறி உன் கதவைத் தட்டியதில் தேறியிருக்கும் என்று தோன்றுகிறது. அதற்கு மேல்முறையீடு செய்யப் போவதில்லை. வியாழக்கிழமை மறுபடி தட்ட வேண்டியிருக்கிறது.

வாசில்கா அக்கா